கல்லறைக்குப் பூசிய கோதுமை மா

"அக்கா, எல்லாக் கல்லறையிலையும் நிக்கிற அந்த ஆள் ஆர்?"

பிரான்சிலிருந்து தம்பி கேட்ட இந்தக் கேள்வி, கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கி வழியாக முற்றம் முழுவதற்கும் கேட்டது. அக்கா பாரை மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே பதில் சொன்னார்.

"அவர் எங்கட போஸ்ட் மாஸ்ரர். முன் அறையில வாடகைக்கு இருக்கிறார். நல்ல மனுசன்."

"அது சரி. அவர் ஏன் எங்கட பூட்டன்ரை கல்லறையில கை வைச்சுக்கொண்டு நிக்கிறார்?"

"பூட்டன் தனிய நிக்கிறாரெல்லே. துணைக்கு விட்டனான்."

அந்த ஆள் நான்தான். முரசுமோட்டையில் வயல் செய்கிற சைவக் குடும்பத்தில் பிறந்து, முல்லைத்தீவுக் கரையில் ஒரு சின்னத் தபால் கந்தோருக்கு மாற்றலாகி வந்தவன். அப்போதெல்லாம் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் அக்காவின் முன் அறையில், கருவாட்டு வாசத்தில், ஊர்க் கோயில்களும் குளங்களும் கிணறுகளும் எப்போது உண்டாயின என்று எழுதிக்கொண்டிருப்பேன். கடிதங்களுக்குத் திகதி முத்திரை குத்திக் குத்தி வந்த வியாதி இது என்று என் மனைவி சொல்வாள். திகதி இல்லாத எதையும் என்னால் முழுதாக நம்ப முடியாது. அக்காவோ திகதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம்புகிறவர்.

கல்லறை வேலை தொடங்கியதற்குக் காரணம் தம்பியின் மகன். அவனுடைய பள்ளிக்கூடத்தில் வம்ச மரம் கீறி வரச் சொன்னார்களாம். தம்பிக்குத் தகப்பனின் பேருக்கு மேலே ஒரு கிளையும் தெரியவில்லை. அக்காவைக் கேட்டார். அக்கா ஓலைப்பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றால் பெட்டி இல்லை. ஞானஸ்நானச் சீட்டுகளில் பாதியைச் சுனாமியன்று கடல் வந்து எடுத்தது, மீதியைப் போர்க்கால இடப்பெயர்வு எடுத்தது. "கடதாசி எல்லாம் போட்டுது. கல்லு போகாது தானே" என்றார் அக்கா. அடுத்த வாரமே தம்பி ஒரு கைத்தொலைபேசியை ஆள் மூலம் அனுப்பிவைத்தார், கல்லறைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி.

தம்பி எதிர்பார்த்தது பூட்டன் வரைக்கும் சில பேர்களைத்தான். ஆனால் அக்காவின் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் அது அவர் நினைக்கிற அளவுக்குத்தான் முடியும். பள்ளிக்கூடத்தில் வம்ச மரத்துக்குப் புள்ளியும் போட்டாயிற்று, அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்கும் போய்விட்டது. அக்கா அப்போதுதான் இரண்டாவது சேமக்காலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். கத்தோலிக்கர் தங்கள் இடுகாட்டைச் சேமக்காலை என்பார்கள். அந்தச் சொல்லையே நான் அக்காவிடம்தான் கற்றேன்.

அவருடைய வேலைமுறையைச் சொல்ல வேண்டும். முதலில் தேங்காய்த் தும்பால் கல்லைத் தேய்ப்பார். பிறகு ஒரு கை கோதுமை மாவை எடுத்துக் கல்லின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டு, மிச்சத்தை ஊதுவார். தேய்ந்துபோன எழுத்துகளின் குழிக்குள் மட்டும் மா தங்கி நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாதிருந்த ஒரு மனிதரின் பேர் வெள்ளை வெளேரென்று எழும்பி வரும். அதற்குப் பிறகு முகம் பார்க்கிற கண்ணாடியை ஒரு பக்கமாகப் பிடித்து வெயிலை எழுத்தின் மேல் விழுத்துவார். இதெல்லாம் செய்யும்போது கல்லோடு பேசிக்கொண்டே இருப்பார்.

"கொஞ்சம் பொறுங்கோ, முகத்தைத் துடைச்சு விடுறன். எத்தினை வருசமாக் குளிக்கேல்லை நீங்கள்?"

கடைசியாக என்னைக் கூப்பிடுவார். "தம்பி, பக்கத்தில நில்லுங்கோ. தனியப் படம் எடுத்தா அவருக்குக் கூச்சமா இருக்கும்."

நாங்கள் போன பின் எறும்பு வரும். ஊர்ச் சேமக்காலையில் எறும்பு வரிசைகள் பேர் பேராக ஊர்ந்ததைப் பார்த்துக் கோயில் மூப்பர் வாசலில் எங்களை மறித்தார்.

"என்ன பிள்ளை, கல்லறையில ரொட்டி சுடுறியளோ?"

"சொந்தத்தைத் தேடுறன், மூப்பர்."

"கிடைச்சுதோ?"

"கிடைச்சது கொஞ்சமோ! நீங்களும் எங்களுக்குச் சித்தப்பா முறை வருது. மூண்டாவது வரிசையில கிடக்கிற மரிசலீன் உங்கட ஆர்?"

மூப்பர் தண்ணீர் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

அக்காவின் குணம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள் இருந்தார்கள். சொந்தக்காரர், இன்னும் விசாரிக்கப்படாத சொந்தக்காரர். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம் "எந்தக் கரை?" என்று தொடங்கினால், இறங்குகிறதற்கு முன் அவர் மாமனாகவோ பெறாமகனாகவோ ஆகியிருப்பார். உயிரோடு இருக்கிறவர்களாவது தலையாட்ட மறுக்கலாம். செத்தவர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

எனக்கும் அவருக்கும் சண்டை வருவது இந்த இடத்தில்தான். கத்தோலிக்கக் கரைகளில் மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பேரை வைப்பார்கள். பேர்களோ புனிதர்களின் பேர்கள். எந்தச் சேமக்காலைக்குப் போனாலும் ஒரு சந்தியாகு, ஒரு சூசைப்பிள்ளை, ஒரு சவிரிமுத்து கட்டாயம் படுத்திருப்பார்கள். பேரை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது, திகதி வேண்டும், ஊர் வேண்டும் என்று நான் தலையால் நடந்து சொன்னேன்.

"திகதியை வைச்சு என்ன செய்யப் போறியள்? ஆளைப் பாருங்கோ."

"அக்கா, இது கல்லு. ஆள் எங்க இருக்கு?"

"கடலுக்கு நேரத் தலை வைச்சுப் படுத்திருக்கிறார் பாருங்கோ. எங்கட ஆக்கள் அப்பிடித்தான் படுப்பினம்."

அந்த வரிசையில் எல்லோருமே கடலுக்கு நேரே தலை வைத்துத்தான் படுத்திருந்தார்கள். சொன்னேன். "பாத்தியளே, எல்லாரும் எங்கட ஆக்கள்!" என்றார்.

அக்கா காலத்தை அளப்பதும் இப்படித்தான். கடல் வரமுந்தி, கடல் வந்தாப்பிறகு. இடம்பெயரமுந்தி, திரும்பி வந்தாப்பிறகு. அவர் எப்போது பிறந்தார் என்று கேட்டால், "சூறாவளிக்குக் கொஞ்சம் பிந்தி, அம்மா கூரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவா, நான் வயித்துக்குள்ள" என்பார். சில வருடங்களுக்கு முன் அவர் காலமானபோது மகள் என்னைத்தான் கேட்டாள், கல்லில் பிறந்த திகதி என்ன போடுவதென்று. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு திகதி இடத்தை வெறுமையாக விடச் சொன்னேன். ஆனால் அது பிறகு நடந்தது.

மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிப் போவது தனி அனுபவம். தலைக்கவசம் போடமாட்டார். காற்றுப் போகாதாம். மடியில் மல்லாக்க வைத்து அதற்குள் மாப் பை, தும்பு, கண்ணாடி, மெழுகுதிரி எல்லாம் போட்டுக்கொள்வார். சந்தைக்குப் போகிறவர் கூடை பிடிப்பது போல.

ஒருநாள் போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். இளம் பெடியன், சிங்களவர். நான் பத்திரங்களை எடுக்கும்போதே அக்கா அவருடைய சட்டையில் இருந்த பேரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டார்.

"பெர்னாந்து! தம்பி, இவர் பெர்னாந்து! எங்கட கரைக்காரர் பேர்!" பிறகு தன் சிங்களத்தில் அவருடைய ஊரைக் கேட்டார், "மகே புதா, கம கொஹேத?"

ஊர் சிலாபம் என்றார் அவர்.

அவ்வளவுதான். பருவ காலத்தில் வேறு கரைகளிலிருந்து வந்து கொட்டில் போட்டுத் தங்கித் தொழில் செய்வதை வாடி போடுதல் என்பார்கள். சிலாபத்துக்காரர் அக்காவின் சின்ன வயதில் இந்தக் கரையில் வாடி போட்டவர்களாம், அக்காவின் தாயிடம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர்களாம். அந்தக் குழம்பை இந்தப் பெடியனின் தாத்தா சாப்பிடவில்லை என்று நிரூபிக்க யாரால் முடியும்? பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். ஆனால் கடமை தவறாதவர். தலைக்கவசத்தைப் போட்ட பிறகுதான் போகலாம் என்றார். அக்கா சாமான்களைச் சேலைத் தலைப்பில் கொட்டிவிட்டு கவசத்தைத் தலையில் கவிழ்த்தார். மாப் பை எப்போதோ கிழிந்திருந்தது என்பது சேமக்காலையில் அவர் கவசத்தைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. தலை முழுக்க வெள்ளை.

"என்ன அக்கா, ஒரு பயணத்தில கிழவியாப் போட்டியள்?"

"சிரிக்காதேங்கோ. கல்லறைக்காரர் இப்ப என்னைத் தங்கட வயசெண்டு நினைப்பினம். நல்லாக் கதைப்பினம்."

ஒரே ஒருமுறை அவர் என் மேல் இரக்கப்பட்டார். மதிய வெயிலில் ஒரு புன்னை நிழலில் இருந்தோம். என் பூட்டனின் கல்லறை எங்கே என்று கேட்டார். நாங்கள் எரிக்கிறவர்கள், சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிடுவோம் என்றேன்.

"அப்ப ஒரு கல்லும் இல்லையோ?"

"இல்லை."

"ஒரு சிலுவை... சரி, சிலுவை வேண்டாம். ஒரு கட்டை, ஒரு அடையாளம்?"

"இல்லையக்கா."

அவர் அதிர்ந்துபோனார். பிறகு எழுந்து போய், மூலையில் எழுத்தே இல்லாமல் மொட்டையாகக் கிடந்த ஒரு கல்லைத் தட்டிக் காட்டினார்.

"இதை நீங்கள் எடுங்கோ. மா போட்டும் பாத்திட்டன், ஒண்டும் வரேல்லை. ஒருத்தரும் தேடி வரவும் இல்லை. உங்கட பூட்டன் எண்டு நினைச்சு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ."

"அக்கா, என்ரை பூட்டன் சைவக்காரர். மீன் மணமே ஆகாது அவருக்கு."

"செத்தாப்பிறகு என்ன சைவம், என்ன மச்சம்?"

கொளுத்தினேன். யாருக்கும் சொல்லவில்லை.

அந்தப் புன்னை மரம் இருந்த சேமக்காலை, அக்காவின் ஊருக்கு வடக்கே இன்னொரு கரையூரில். இப்போது பாவனையில் இல்லாத பழைய இடம். பாதிக் கல்லறைகள் மண்ணுக்குள். அங்கேதான் அக்கா தன் வாழ்நாளில் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார்.

அக்காவின் குடும்பத்தில் ஒரு கதை இருந்தது. தகப்பனின் தகப்பனை அவர் அப்பு என்பார். அப்புவுக்குச் சூசைப்பிள்ளை என்று ஒரு தமையன் இருந்தாராம். இளவயதில் வலைப் பங்கில் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லையாம். எங்கே போனார், என்ன ஆனார், யாருக்கும் தெரியாது. அப்பு சாகிற வரைக்கும் சாப்பாட்டில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாராம். இவர்களுடைய தகப்பன் சந்தியாகு, அதாவது அக்காவின் பூட்டன், அக்காவின் ஊர்ச் சேமக்காலையில் இருக்கிறார். "இவ்வூரிற் பிறந்து இவ்வூரில் மரித்த சந்தியாகு" என்று கல்லிலேயே தெளிவாக இருக்கிறது. நான் கை வைத்துக்கொண்டு நின்றது அவர் மேல்தான்.

வடக்குக் கரையூரில், புன்னை மரத்துக்குக் கீழே, அக்கா தூவிய மாவுக்குள்ளிருந்து எழும்பி வந்தது: "சந்தியாகு சூசைப்பிள்ளை இங்கே இளைப்பாறுகிறார்."

அக்கா அப்படியே மண்ணில் இருந்துவிட்டார்.

"பெரியப்பு! இஞ்சையோ வந்து படுத்திருக்கிறியள்? கூப்பிடு தூரத்தில இருந்துகொண்டு ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பேல்லையே!"

அவசரப்பட வேண்டாம் என்றேன். சந்தியாகுவும் சூசைப்பிள்ளையும் எத்தனையோ பேர் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நில்லுங்கோ பக்கத்தில" என்றார். நின்றேன். படம் பிரான்சுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நாங்கள் அங்கே போனோம். அக்கா கல்லுக்கு வெள்ளை அடித்தார். மெழுகுதிரி கொளுத்தினார். வீட்டுக் கதை முழுவதையும் பெரியப்புவுக்குச் சொன்னார். புருசன் கடலில் போனது, கருவாட்டு யாவாரம், மகள் ஒரு பெடியனை விரும்புகிறாள், படகு எஞ்சின் திருத்துகிறவன், நல்ல பிள்ளை போல இருக்கிறான், நீங்கள் என்ன சொல்லுறியள்? பெரியப்பு மறுப்புச் சொல்லவில்லை.

அந்தப் பெடியனின் தாய் கலியாணப் பேச்சுக்கு வீட்டுக்கு வந்த நாளில் நானும் இருந்தேன். ஆண் துணைக்கு இருக்கச் சொல்லி அக்கா கதிரை போட்டு இருத்தியிருந்தார். பெடியன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். மகள் குசினி வாசலில் நின்றாள். தாய் நிமிர்ந்த நடைக்காரி. வந்து இருந்ததும் தங்கள் பெருமையைத்தான் முதலில் வைத்தார்.

"நாங்கள் எங்கட கரையில ஆதியில இருந்து இருக்கிற ஆக்கள். இடையில வந்த ஆக்கள் இல்லை. எங்கட அப்பப்பான்ரை கல்லறை இப்பவும் பழைய சேமக்காலையில கிடக்கு. ஆரோ புண்ணியவாளன் வெள்ளையும் அடிச்சு விட்டிருக்கிறான்."

அக்கா தேத்தண்ணித் தட்டை அப்படியே மேசையில் வைத்தார்.

"எது? புன்னைக்குக் கீழ கிடக்கிறதோ?"

"ஓம்."

"சூசைப்பிள்ளையோ?"

"ஓம், சந்தியாகு சூசைப்பிள்ளை. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வெள்ளை அடிச்சது நான்! அவர் எங்கட பெரியப்பு! எங்கட அப்புவின்ரை கூடப்பிறந்த தமையன்!" அக்கா பாய்ந்து போய் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்தார். "என்ரை தங்கச்சி! உன்னையோ இவ்வளவு காலமும் தேடினனான்!"

வந்தவரும் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் அழுதார்கள். உறவைக் கணக்குப் பார்க்கிற பழக்கம் என்னை அப்போதும் விடவில்லை. அண்ணன் தம்பியின் பேத்திகள் என்றால் இவர்கள் அக்கா தங்கை. அக்கா தங்கை என்றால் இவர்களின் பிள்ளைகள்...

குசினி வாசலில் மகள் எனக்கு முன்னமே கணக்கை முடித்திருந்தாள். முகம் மா பூசிய கல் மாதிரி வெளுத்திருந்தது. பெடியன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"அம்மா," என்றாள் மகள். "அப்ப இவர் எனக்கு அண்ணனோ?"

கட்டிப்பிடித்த கைகள் நின்ற இடத்திலேயே நின்றன. யார் முதலில் எடுப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தேத்தண்ணி ஆடை கட்டியது.

பங்குச் சுவாமியிடம் போனார்கள். இவ்வளவு தூரத்து உறவுக்குத் திருச்சபையில் தடை எதுவும் இல்லை, தாராளமாக ஓலை கூறி, கலியாணத்தைப் பூசையில் அறிவிக்கலாம் என்றார் அவர். இரண்டு தாய்மாரும் ஒரே குரலில், "சுவாமி, உங்களுக்கு முறை தெரியாது" என்றார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான். அண்ணனுக்கும் தங்கைக்கும் கலியாணம் செய்துவைத்தால் ஊர் என்ன சொல்லும்? பெடியனின் தாய் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகள் சாப்பிடாமல் கிடந்தாள். ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"ஊர் உலகத்தில எனக்குக் கட்ட ஒரே ஒருத்தனை எண்டாலும் சொந்தமாக்காமல் விட்டு வைச்சிருக்கலாமே அம்மா!"

அக்கா கோப்பையை எடுத்து மூடிவைத்தார். அதற்குப் பிறகு அவர் சேமக்காலைக்குப் போகவில்லை. கைத்தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

"அக்கா, நீங்கள் பேரை மட்டும் வைச்சுச் சொன்னதுதானே," என்றேன். "அது வேற ஆளா இருக்கலாம் எண்டு அவாவுக்குச் சொல்லுங்கோ."

"தம்பி, நான் கட்டிப்பிடிச்சு அழுதிட்டன். அழுததை எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

அன்று பின்னேரம் அலுமாரியிலிருந்து கைத்தொலைபேசியை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல். அதன் மேல் மா. பக்கத்தில் நான், படம் எடுக்கிறார்கள் என்ற மிதப்பில், ஒரு காலை முன்னே வைத்து. கல்லின் அடிப்பாகத்தை மண் மூடியிருந்தது. மண் மூடாத ஒரு துண்டை என் செருப்பு மூடியிருந்தது. ஆனால் செருப்பின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே, மா தங்கிய சின்னச் சின்னக் கோடுகள் ஒரே வரிசையில் தெரிந்தன. எழுத்துகளின் தலைகள். அந்தக் கல்லில் இன்னொரு வரி இருந்தது. திகதி, ஊர் என்று ஓயாமல் அக்காவோடு சண்டை பிடித்த நான், அதன் மேல்தான் காலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு நான் வீட்டுக்குப் போகாமல் நின்றேன். பூசை முடிந்ததும் எல்லோரும் அங்கே கூடினோம். அக்கா, மகள், பெடியன், பெடியனின் தாய். நான் சிரட்டையால் மண்ணைக் கிளறப் போனேன்.

"கிளறாதேங்கோ!" என்றார் பெடியனின் தாய். "செத்தவரைக் குழப்பக் கூடாது."

"ஆளைக் கிளறேல்லை, மண்ணைத்தான்," என்றான் மகன். "விடுங்கோம்மா."

"வேண்டாமெண்டு சொல்லுறன்!"

அந்த அம்மாவின் குரலில் இருந்தது கோபம் இல்லை. நான் சிரட்டையைக் கீழே வைத்தேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் மெலிந்துபோயிருந்தான். பிறகு அக்காவின் மகளைப் பார்த்தார். அவளும் அப்படித்தான். அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு முழந்தாளில் நின்று, இரண்டு கையாலும் மண்ணை அள்ளத் தொடங்கினார். அள்ளி முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"மாவைத் தாங்கோ."

அக்கா பையைக் கொடுத்தார். அந்த அம்மா தூவினார், தடவினார், ஊதினார். மா தூவாமலே அவருக்கு அந்த வரி தெரியும் என்று எனக்குப் பட்டது. எங்களுக்காக உரத்து வாசித்தார்.

"பேசாலையிற் பிறந்து, கடற்றொழிலுக்காய் இவ்விடம் வந்து, கர்த்தரில் நித்திரையானார்."

பேசாலை மன்னார்க் கரை. அப்பப்பா வாடி போட வந்தவர்தான் என்று தகப்பன் சொல்லக் கேட்டிருப்பதாக, நிலத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். "வந்தான் வரத்தான் எண்டு ஊரில ஒருத்தரும் சொல்லக் கூடாதெண்டு அப்பாதான் மண்ணைப் போட்டு மூடினவர்."

அக்காவின் பூட்டன் சந்தியாகு அக்காவின் ஊரில் பிறந்து அங்கேயே மரித்தவர். அவருக்குப் பேசாலையில் பிள்ளை பிறக்க வழியில்லை. இது வேறு சந்தியாகு, வேறு சூசைப்பிள்ளை. மகளும் பெடியனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் எழுதப் போவதில்லை.

"வந்தா என்ன?" என்றார் அக்கா, பெடியனின் தாயின் கையில் ஒட்டிய மாவைத் தன் தலைப்பால் துடைத்தபடி. "கடலால வந்த ஆளுக்குக் கடல்தானே ஊர். சிலாபத்தார் எங்கட வீட்டில சாப்பிட்டவை. உங்கட அப்பப்பாவும் சாப்பிட்டிருப்பார்."

ஆனால் மற்றவர்கள் வாசலுக்குப் போன பின்னும் அவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். நான் மோட்டார் சைக்கிளை எடுக்கத் திரும்பியபோது அவருடைய குரல் கேட்டது. பெரியப்பு என்று சொல்லவில்லை.

"ஐயா, கோவிக்காதேங்கோ. எங்கட ஆள் எண்டு நினைச்சு வீட்டுக் கதை எல்லாத்தையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டன். அதுகளை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

திரும்பி வரும்போது அவர் தலைக்கவசத்தைச் சொல்லாமலே தலையில் போட்டிருந்தார். ஊர் எல்லையில், "அப்புவின்ரை தமையன் திரும்பவும் துலைஞ்சிட்டார், தம்பி" என்றார்.

ஓலை கூறப்பட்டது. கலியாணம் நடந்தது. பந்தியில் மூப்பர், "இந்த முறை ரொட்டி நல்லாச் சுட்டிருக்கிறியள்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் மரித்தோர் நாளன்று வடக்குக் கரையூருக்குப் போக வேண்டும் என்று அக்கா சொன்னபோது ஏன் என்று கேட்டேன். அங்கே அவருக்கு இனி யாரும் இல்லையே.

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? சம்பந்தியின்ரை அப்பப்பா. என்ரை மருமகன்ரை பூட்டன். இதைவிடக் கிட்டத்துச் சொந்தம் எங்க இருக்கு?"

தலைக்கவசம் மடியில் திரும்பவும் மல்லாந்திருந்தது. புன்னைக்குக் கீழே பெடியனின் தாய் முன்னமே மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். கீழ் வரி வரைக்கும் மண்ணை வழித்துச் சுத்தமாக்கியிருந்தார். அக்கா தன் திரியை அதன் பக்கத்தில் நட்டுவிட்டு மாவைத் தூவினார்.

"முகத்தைத் துடைக்கிறன், பொறுங்கோ. நான்தான், திரும்ப வந்திட்டன்."

என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். எழுத்து மறையாதபடி நன்றாகத் தள்ளி நின்றேன். "என்ன, சண்டை பிடிச்ச ஆக்கள் மாதிரி? கிட்ட வாங்கோ. காலை மட்டும் பின்னால வையுங்கோ."

படம் எடுத்த கையோடு பிரான்சுக்கு அழைத்தார்.

"தம்பி, படம் வந்ததோ? எங்கட சொந்தத்தில புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கிறார், வடிவாப் பார்."

பிறகு தம்பியின் குரல் சேமக்காலை முழுவதற்கும் கேட்டது.

"ஆரக்கா? கல்லில இருக்கிறவரோ, பக்கத்தில நிக்கிறவரோ?"

அக்கா கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காற்சட்டையில் மா ஒட்டியிருந்தது.

"ரெண்டு பேரும்தான்டா."